'அட்லாண்டிக்' கப்பல், 1873: நிலக்கரி தீர்ந்துபோய்த்தான் மூழ்கியதா?

வாசகர் கேள்வி (ஜனவரி 11)

டைட்டானிக்குக்கு 39 வருஷம் முன்னாலேயே அதே ஒயிட் ஸ்டார் கம்பெனியின் 'அட்லாண்டிக்' என்ற கப்பல் அமெரிக்காவுக்குக் குடியேறப் போன ஏழை ஜனங்களோடு கனடா பக்கம் பாறையில் மோதி 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களாம். கம்பெனி காசு மிச்சம் பிடிக்க நிலக்கரியைக் குறைத்து ஏற்றியது, நடுக்கடலில் கரி தீர்ந்தது, அதனால்தான் விபத்து என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது உண்மையா?

ஜனவரி 11, இரவு

கரி தீரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மோதியபோது கொதிகலன்கள் எரிந்துகொண்டிருந்தன, கப்பல் ஏறத்தாழ 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரி தீர்ந்த கப்பல் அந்த வேகத்தில் போகாது, மிதக்கும். அப்படி மிதந்திருந்தால் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கரி 'போதாதோ' என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தில் கப்பலை வேறு பக்கம் திருப்பினார்கள். திருப்பிய இடத்தில் மோதியது. வீடியோக்காரர் நடுவில் உள்ள இரண்டு படிகளை விழுங்கிவிட்டார்.

ஜனவரி 12

ஆற அமர எழுதுகிறேன்.

கப்பல் கட்டியது பெல்ஃபாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப். 1871 ஜூனில் முதல் பயணம். 3,707 டன், 420 அடி நீளம், இரும்பு உடல், ஒரே ஒரு புகைபோக்கி, நான்கு பாய்மரம். நீராவிக் கப்பலுக்குப் பாய்மரம் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் இன்ஜினை யாரும் முழுதாக நம்பவில்லை, பாயும் இருக்கட்டும் என்றுதான் கட்டினார்கள். இன்ஜின் ரூமில் காலம் கழித்தவன் என்ற முறையில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கம்பெனி கதை: ஒயிட் ஸ்டார் என்ற பெயரையும் கொடியையும் தாமஸ் இஸ்மே 1868ல் 1,000 பவுண்டுக்கு வாங்கினார். பழைய கம்பெனி ஆஸ்திரேலியாவுக்குப் பாய்க்கப்பல் ஓட்டி நொடித்துப்போன ஒன்று. இஸ்மே அட்லாண்டிக் பக்கம் திரும்பி 'ஓஷியானிக்', 'அட்லாண்டிக்', 'பால்டிக்', 'ரிபப்ளிக்' என்று வரிசையாகக் கட்டினார். மேல்தட்டு அறைகளின் சொகுசைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். ஆனால் ஆளைக் கணக்கெடுத்தால் சலூன் வகுப்புக்கு 160 சொச்சம் இடம், கீழ்த்தளத்துக்கு ஆயிரம் வரை. பணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1873 மார்ச் 20, லிவர்பூலில் கிளம்பியது. மறுநாள் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஐரிஷ்காரர்களை ஏற்றிக்கொண்டது. கேப்டன் ஜேம்ஸ் வில்லியம்ஸ். நியூயார்க் போக வேண்டும்.

ஜனவரி 12, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. அதற்குமுன் இந்த ஜனங்கள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்தால்தான் இந்தக் கப்பலின் அருமை புரியும். பாய்க்கப்பலில் ஐந்து ஆறு வாரம். காற்று சரியில்லை என்றால் இன்னும் மேலே. அரிசியும் மாவும் தந்துவிடுவார்கள், மேல்தளத்தில் இருக்கும் அடுப்பில் முறை வைத்து நீயே சமைத்துக்கொள். புயல் நாளில் அடுப்பு கிடையாது, பட்டினி. 1847ல் அயர்லாந்துப் பஞ்சத்தில் கனடாவுக்குப் போனவர்களில் கிராஸ் ஐல் தீவில் மட்டும் 5,000க்கு மேல் புதைத்தார்கள், பெரும்பாலும் டைஃபஸ் காய்ச்சல்.

1850களில் லிவர்பூலில் வில்லியம் இன்மன் என்பவர்தான் ஏழைக் குடியேறிகளையும் நீராவிக் கப்பலில் ஏற்றலாம், சமைத்த சோறே போடலாம், அதிலும் லாபம் பார்க்கலாம் என்று காட்டியவர். அவருடைய முதல் கப்பல் 'சிட்டி ஆஃப் கிளாஸ்கோ' 1854 மார்ச் 1 அன்று லிவர்பூலை விட்டு 480 பேரோடு போனது. அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆளும் விடவில்லை, ஜனங்களும் விடவில்லை. 1870 வாக்கில் அமெரிக்காவுக்குக் குடியேறுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே நீராவிக் கப்பல்தான். ஆறு வாரத்துக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு நாள் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஜனவரி 14

கரிக் கணக்குக்கு வருகிறேன். இதுதான் என் துறை.

மார்ச் 31. கப்பல் நியூயார்க்கின் சாண்டி ஹூக் முனைக்கு 460 மைல் தூரத்தில் இருக்கிறது. எதிர்க்காற்று, வேகம் குறைவு. சீஃப் இன்ஜினியர் வந்து கேப்டனிடம் கையிருப்பு 127 டன் என்கிறார். 8 நாட் வேகத்தில் ஊர்ந்தால் 460 மைலுக்கு 57 மணி நேரம். இன்னொரு புயல் வந்தால்? ஹாலிஃபாக்ஸ் 170 மைல்தான். பகல் 1 மணி வாக்கில் வில்லியம்ஸ் கப்பலை வடக்கே ஹாலிஃபாக்ஸ் பக்கம் திருப்பினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இந்த முடிவுக்காக அவரைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை குளிர்கால அட்லாண்டிக்கில் எரிபொருள் அளவைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இப்போது வேடிக்கை. ஹாலிஃபாக்ஸில் நடந்த முதல் விசாரணை, கரி போதுமான அளவு ஏற்றப்படவில்லை என்றது. கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை, கணக்கை மறுபடி கிளறினார்கள். மறுவிசாரணையில் கரி போதுமானதாகவே இருந்தது என்று தீர்ப்பு மாறியது. சீஃப் சொன்ன 127 உண்மையைவிடக் குறைவு. கையில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் மேலே சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 14, இரவு

"சீஃப் பொய் சொன்னாரா, அதிர்ச்சியாக இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, எனக்கு அதிர்ச்சியே இல்லை.

நான் ஜூனியராக ஏறிய கப்பலில் தினம் காலையில் டாங்க் சவுண்டிங் எடுப்பது, அதாவது தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது, என் வேலை. பித்தளைக் குண்டு கட்டிய டேப்பைக் குழாய்க்குள் இறக்க வேண்டும், குண்டு அடியில் தட்டுகிற அதிர்வு விரலுக்குத் தெரியும், உடனே மேலே இழுத்து எண்ணெய் நனைந்த கோட்டைப் படிக்க வேண்டும். கப்பல் ஆடினால் மூன்று முறை எடுத்துச் சராசரி. இப்படிக் குளிரில் கையெல்லாம் எண்ணெயோடு நான் கொண்டுபோய்க் கொடுக்கும் எண்ணை எங்கள் சீஃப் வாங்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், நூன் ரிப்போர்ட்டில் (தினமும் நண்பகலில் கொடுக்கும் கணக்கில்) வேறு எண்ணை எழுதுவார். எப்போதும் குறைவாகத்தான். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், அதில்தான் நிஜம். கேப்டனுக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எழுதினா கேப்பான், கேட்டா தீத்துருவான்" என்றார். அவ்வளவுதான் தத்துவம். இருப்பதை எல்லாம் சொன்னால் ஆபீஸ் அதை நம்பி அடுத்த துறைமுகத்தில் குறைத்துப் போடும், கேப்டன் வேகத்தைக் கூட்டச் சொல்வார். மோசமான நாளுக்கு என்று ஒன்று இருக்க வேண்டும் என்றால் ஒளித்துத்தான் வைக்க வேண்டும். அஞ்சறைப்பெட்டியில் அம்மா காசு வைக்கிற மாதிரி.

1873ல் டேப்பும் இல்லை. கரிக்கிடங்கில் குவியலைப் பார்த்து, அடுப்புக்கு எத்தனை கூடை போனது என்று எண்ணி, ஒரு மதிப்பு. கப்பல் சாய்ந்தால் குவியலும் சரியும். அதோடு கரியின் தரம் வேறு ஆடும். வேல்ஸ் கரி கொடுக்கும் சூட்டை மட்டக் கரி கொடுக்காது, அதே தூரத்துக்குக் கூடுதல் தீனி கேட்கும். அப்படிப்பட்ட கணக்கில் ஒரு மனிதன் கொஞ்சம் பத்திரமாகச் சொன்னான் என்றால் அதைப் பொய் என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜனவரி 15

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். சீஃபுக்கு நான் ரொம்பவே சாய்ந்து பேசுகிறேனோ? சாதிப் பாசம் என்று பிரிட்ஜ்காரர்கள் (மேலே நின்று கப்பலை ஓட்டும் ஆபீசர்கள்) சொல்வார்கள்.

யோசித்துப் பார்த்தால், ஒளித்து வைப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. கேப்டன் அந்த எண்ணை நம்பி ஒரு பெரிய முடிவு எடுக்கிறார் என்று தெரிந்த நொடியில் நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். எங்கள் சீஃப் ஒருமுறை அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். கேப்டன் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் அன்று இரவு அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, சேர்ந்து டீ குடித்தார்கள். 'அட்லாண்டிக்'கில் நோட்டு திறக்கப்படவில்லை.

சரி, அதையும் மீறி, ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்புவது மரண தண்டனை இல்லை. அது நல்ல துறைமுகம். வாசலில் சாம்ப்ரோ கலங்கரை விளக்கம், 1760லிருந்து எரிகிறது. ஒழுங்காகப் போயிருந்தால் காலையில் கரி ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். கரியை இத்தோடு விட்டுவிட்டு இரவைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 17

இரவு.

நள்ளிரவு தாண்டியதும் வில்லியம்ஸ் வரைபடத்தில் இடத்தைக் குறித்தார். சாம்ப்ரோ இன்னும் 48 மைல் என்பது அவர் கணக்கு. அதிகாலை 3 மணி வரை ஓடலாம், பிறகு நிறுத்தி விடியும்வரை காத்திருக்கலாம் என்பது திட்டம். தன்னை அதற்குள் எழுப்பும்படி சொல்லிவிட்டு, பிரிட்ஜை ஒட்டிய சார்ட் அறையில் (வரைபட அறையில்) உடுத்திய உடையோடு சாய்ந்தார். வாட்ச்சில் (காவல் முறையில்) இருந்தது செகண்ட் ஆபீசர் மெட்காஃப், கூடவே நான்காவது ஆபீசர் பிரவுன்.

2:40க்குக் கேப்டனின் பணியாள் கோக்கோ எடுத்துக்கொண்டு வந்தான். இது வழக்கமான எழுப்பல். இப்போது எழுப்ப வேண்டாம் என்று மெட்காஃப் அவனைத் திருப்பி அனுப்பினார்.

3:15க்குப் பாறை.

நடுவில் இருப்பது 35 நிமிடம்.

ஜனவரி 17, சற்றுப் பிறகு

கணக்குப் பிள்ளைகளுக்காக: பகல் 1 மணிக்குத் திரும்பியபோது 170 மைல். அதிகாலை 3:15க்கு மோதியபோது 14 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 12 நாட் போட்டுப் பெருக்குங்கள். 170 வந்துவிடும். அதாவது வழியே தீர்ந்துவிட்டது. கேப்டன் நள்ளிரவில் தன் வேகத்தைக் குறைவாக மதிப்பிட்டிருக்கிறார். அவர் கணக்குப்படி 3:15க்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மைல் பாக்கி இருந்திருக்க வேண்டும். பக்கவாட்டிலும் தவறு, நீரோட்டம் தள்ளியதில் கப்பல் பாதைக்கு மேற்கே பல மைல் விலகியிருந்தது. அதனால்தான் சாம்ப்ரோ விளக்கு அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் தெரியவே இல்லை.

விளக்கு தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? இன்னும் தூரம் இருக்கிறது என்று ஒருவன் நினைப்பான். நாம் எங்கேயோ வழி தவறிவிட்டோம் என்று இன்னொருவன் நினைப்பான். அன்று வாட்ச்சில் இருந்தவர்கள் முதல் வகை. சுக்கானி ராபர்ட் தாமஸ் இரண்டாம் வகை. கரை நெருங்குகிறது, மேலே ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்டதாகவும், வேண்டாம் என்று வாயடைத்ததாகவும் அவர் விசாரணையில் சாட்சி சொன்னார். சுக்கானி பேச்சு பிரிட்ஜில் எடுபடாது. அன்றும் அப்படி, நான் பார்த்த வரையிலும் அப்படி.

ஜனவரி 18

"ஆழம் பார்த்திருக்கலாமே?" என்று கேட்டவருக்கு: ஆமாம். விசாரணையில் கேப்டனைப் பிடித்த முதல் பிடியே அதுதான். கரையை நோக்கி 14 மணி நேரம் ஓடிய கப்பலில் ஒரு தடவைகூட ஈயக்குண்டு இறக்கவில்லை.

நம் ஊர் வள்ளக்காரர்கள் கயிற்றில் எத்தனை பாகம் இறங்குகிறது என்று பார்த்தே கரை தூரம் சொல்வார்கள், தெரிந்த விஷயம். இங்கிலீஷ் மாலுமிகளும் அதே வித்தை செய்தவர்கள்தான். குண்டின் அடியில் குழி இருக்கும், அதில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். அடியில் உள்ள மணலோ சிப்பித் துண்டோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஆழமும் தெரியும், தரையின் ரகமும் தெரியும், இரண்டையும் வரைபடத்தோடு ஒப்பிட்டால் இருட்டிலும் இடம் ஓரளவு பிடிபடும்.

அப்புறம் ஏன் செய்யவில்லை? ஆழ்கடல் குண்டு போடக் கப்பலை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஊர வைக்க வேண்டும். 12 நாட்டில் ஓடும்போது கயிறு பின்னால் இழுபட்டுக் குண்டு தரையைத் தொடாது. வில்லியம் தாம்சன் (பிற்காலத்தில் கெல்வின் பிரபு) பியானோ கம்பியை வைத்து ஆழம் பார்ப்பதைச் சோதித்தது 1872ல், ஓடும்போதே ஆழம் பார்க்கும் கருவியாக அது கப்பல்களுக்கு வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. ஆக இவர்களுக்கு இருந்த வழி நிறுத்துவது மட்டும். நிறுத்தினால் கரி எரிந்துகொண்டே நேரம் போகும். பாருங்கள், கரி இங்கே மறுபடி வந்துவிட்டது. 127 என்ற எண் தலைக்குள் உட்கார்ந்திருக்கும்போது நின்று நின்று போக எவனுக்கும் மனசு வராது.

ஜனவரி 20

மோதியபின் நடந்ததைச் சுருக்கமாக. இடம் நோவா ஸ்கோஷியாவின் லோயர் ப்ராஸ்பெக்ட் பக்கம், ஏப்ரல் 1 அதிகாலை. முன்னால் நுரை தெரிகிறது என்று காவல் பார்த்துக்கொண்டிருந்த மாலுமி கத்தினான், பின்னோக்கி ஓட்டச் சொல்லி இன்ஜின் ரூமுக்கு உத்தரவு போனது. அந்த எடைக்கு அந்த வேகத்தில் அது எதற்கும் உதவாது. பாறைமேல் ஏறி, சில நிமிடங்களில் இடப்பக்கமாகச் சாய்ந்தது. படகுகளில் ஒரு பக்கத்தவை கடலில் அடித்துக்கொண்டு போயின, மறு பக்கத்தவை சாய்வில் இறக்க முடியாமல் நின்றன. மெட்காஃப் அப்படிப் போன ஒரு படகில் செத்தார். கோக்கோவைத் திருப்பி அனுப்பியவர் சாட்சி சொல்ல உயிரோடு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் காட்சி முழுக்கப் பிழைத்தவர்கள் வாயிலிருந்து வந்தது.

கப்பலுக்கும் பக்கத்துப் பாறைக்கும் இடையில் 40 கஜம்போல. சுக்கானி ஜான் ஸ்பீக்மன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தப் பனித் தண்ணீரில் நீந்தி பாறையைத் தொட்டார். மூன்றாவது ஆபீசர் பிரேடியும் இன்னொரு சுக்கானி ஓவன்ஸும் கூட. கயிறுகளைப் பிடித்து 200 பேருக்குமேல் பாறைக்கு வந்தார்கள். பாறையில் நின்றே பலர் விறைத்து விழுந்தார்கள். பிரேடி பக்கத்துத் தீவுக்குப் போய் மைக்கேல் கிளான்சி என்ற மீனவர் வீட்டைத் தட்டினார். விடியும்போது மீனவர்கள் படகோடு வந்தார்கள்.

ஜனவரி 20, இரவு

பெண்கள் விஷயம். இதைத் தனியாக எழுத வேண்டும் என்று தள்ளிவைத்தேன்.

கப்பலில் இருந்த பெண்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. குழந்தைகளில் ஒரே ஒருவன், ஜான் ஹிண்ட்லி, 12 வயது. கீழ்த்தளத்திலிருந்து ஜன்னல் வழியாக வெளியே இழுத்தார்கள். அவனோடு கப்பலில் வந்த குடும்பத்தார் யாரும் மிஞ்சவில்லை.

ஆண்கள் முண்டியடித்துத் தப்பித்தார்கள் என்று அன்றைய பேப்பர்களில் சிலது எழுதின. எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. காரணம் கப்பலின் அமைப்பில் இருக்கிறது. குடியேறிகள் கப்பலில் தனி ஆண்களை முன்பகுதியிலும், குடும்பங்களையும் பெண்களையும் பின்பகுதியிலும் வைப்பது அன்றைய ஒழுங்கு. பெண்களின் பாதுகாப்புக்காக வந்த ஒழுங்கு. அன்று பின்பகுதிதான் சீக்கிரம் தண்ணீரில் போனது. கேப்டன் சில பெண்களை மேலே கொண்டுவரப் பார்த்தார், குளிரிலேயே செத்தார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர் ஃபிர்த்துடன் பாய்மரக் கயிறுகளில் தொங்கிய ஒரு பெண் மணிக்கணக்காகத் தாக்குப்பிடித்தும் ஆள் வருவதற்குள் போய்விட்டார்.

ஃபிர்த்தைக் காப்பாற்றியது வில்லியம் ஏன்ஷியன்ட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். முன்பு கடற்படையில் இருந்தவர். அலை ஏறிக்கொண்டிருந்தது, மீனவர்களே வேண்டாம் என்ற நேரம். பிற்பகலில் படகில் போய், கப்பல்மேல் ஏறி, கயிறு வீசி அந்த ஆளைக் கொண்டுவந்தார். பாதிரியார் என்றால் கையில் ஜெபமாலையோடு கரையில் நிற்பவர் என்று நினைத்திருந்தேன்!

ஜனவரி 21

"மாலுமிகளில் ஒருவர் ஆண் வேஷம் போட்ட பெண்ணாமே?" அன்றைய பேப்பர்கள் எழுதின. உடலைக் கழுவியபோதுதான் தெரிந்தது என்று கதை. எந்தப் பெரிய கப்பல் விபத்துக்கும் இப்படி ஒன்று முளைக்கும், அதனால் நான் இதன்மேல் எடை வைக்க மாட்டேன்.

எண்ணிக்கை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 535 என்பார்கள், 562 என்பார்கள். பயணிகள் பட்டியல் ஒழுங்காக இல்லை, டிக்கெட் இல்லாமல் ஒளிந்து ஏறியவர்கள் வேறு. குழந்தைகளை எண்ணும் முறையும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் ஏறியவர்கள் 950 சுமார் என்று வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் போய்விட்டார்கள். 1898ல் பிரெஞ்சுக் கப்பல் 'லா பூர்கோன்' மூழ்கும்வரை வட அட்லாண்டிக்கில் இவ்வளவு பெரிய பயணிக் கப்பல் சாவு நடக்கவில்லை.

ஜனவரி 23

தீர்ப்பு. கேப்டன் வில்லியம்ஸின் லைசென்ஸ் 2 வருஷம் நிறுத்தம். மோதியபின் ஜனங்களைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைப் பார்த்துத் தண்டனையைக் குறைத்தார்களாம். நான்காவது ஆபீசர் பிரவுனுக்கு 3 மாதம். அவ்வளவுதான்.

முதல் தடவை படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. 500 பேருக்கு 2 வருஷமா? இப்போது கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த ஆள் கரையை நோக்கி ஓடும் கப்பலில் படுக்கப் போனது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் பல நாள் கெட்ட வானிலையில் நின்றவன் இரண்டு மணி நேரம் கண்ணை மூடியதையே எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஈயக்குண்டு இறக்காததுதான் பெரிய குற்றம். அதை முழித்திருந்தபோதே செய்யவில்லை.

மெட்காஃப் ஏன் எழுப்பவில்லை? பாவம், தூங்கட்டும் என்றுகூட இருக்கலாம். வாட்ச்சில் நிற்பவனுக்கு அந்த இரக்கம் வரும். நானே ஒருமுறை பைலட் (துறைமுகத்துக்குள் வழிகாட்டுபவர்) ஏறுமுன் சீஃபை எழுப்பச் சொன்ன நேரத்தில் எழுப்பாமல், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்ட ஜூனியரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சீஃப் எழுந்ததும் அந்தப் பையனுக்கு விழுந்த வசவு மட்டும் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

ஜனவரி 23, இரவு

"கம்பெனியை ஏன் விட்டுவிட்டீர்கள்?" விடவில்லை. ஒரு நாள் தாமதமாகப் போனால் போகட்டும், கரி சந்தேகம் என்றால் ஹாலிஃபாக்ஸில் நிறுத்து என்பது அந்தக் காலத்தில் பெரிய செலவு. துறைமுகக் கூலி, நாள் கூலி, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. போட்டி கம்பெனிகள் வேகத்தை வைத்து விளம்பரம் செய்கிறார்கள். அந்த நெருக்கடி கேப்டன் தலைக்குமேல் இருந்திருக்கும். ஆனால் "காசு மிச்சம் பிடிக்கக் கரியைக் குறைத்தார்கள்" என்பதை நிரூபிக்க முடியாது, மறுவிசாரணை எதிராகத்தான் சொல்கிறது. அந்த மறுவிசாரணை கம்பெனி கேட்டு நடந்தது என்பதையும் மறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறேன்.

இன்னொன்று, பிழைத்தவர்களை ஹாலிஃபாக்ஸ் நகருக்கு ஏற்றிப்போன கப்பல்களில் ஒன்று 'டெல்டா', போட்டி கம்பெனியான க்யூனார்டுடையது. கடலில் இது சகஜம்.

பிப்ரவரி 2

கனடாவில் இருக்கும் ஒரு வாசகர், போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது. டெரன்ஸ் பே ஆங்கிலிக்கன் கல்லறையில் 277 பேரை ஒரே இடத்தில் புதைத்தார்கள், நினைவுத்தூண் இருக்கிறது, பக்கத்தில் இந்தக் கப்பலுக்கென்றே ஒரு சின்ன பூங்காவும் காட்சியகமும். கத்தோலிக்கர்களை லோயர் ப்ராஸ்பெக்டில் தனியாகப் புதைத்தார்கள், அதற்கு வேறு சாலை, இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் காட்சியகம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஹாலிஃபாக்ஸ் நகரில் டைட்டானிக் கல்லறைக்கு டூரிஸ்ட் பஸ்ஸே வருகிறது, அங்கே போனவர்களில் எத்தனை பேர் காரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று போய்வந்து சொல்லுங்கள்.